கொஹதாவும் இதமான சோறும்

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். டோக்கியோவின் இந்த நிஷிகசாயில் வெயில் தணிந்து, மாலைக் காற்று இதமாகிவிட்டது. ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், வாசலில் நீலத் துணி தொங்கும், சோற்றுப் பிடியின்மேல் மீன் வைத்துத் தரும் சிறிய சுஷி கடை உனக்கு நினைவிருக்கும். சென்ற சனிக்கிழமை இரவு அப்பாவும் நானும் அங்கே சாப்பிட்டோம். அத்தனை நிறைவான சாப்பாட்டை உனக்கு எழுதாமலிருக்க மனம் வரவில்லை.

கடையின் தலைமைச் சமையல்காரரான தாய்ஷோவுக்கு நேர் எதிரே இடம் கிடைத்ததால், என்ன உண்பது என்பதை அவர் பொறுப்பிலேயே விட்டுவிட்டோம். கணவாயும் சூரையும் முதலில் வந்தன. இரண்டும் நன்றாகவே இருந்தன. அடுத்து வந்த கொஹதாவைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வெள்ளித் தோலில் கரும்புள்ளிகள் வரிசையாக ஓடும் இந்தச் சிறு மீன் விலையுயர்ந்ததன்று; ஆயினும் ஒரு கடையின் கைப்பக்குவத்தை அறிய இதைத்தான் கேட்க வேண்டும் என்பார்கள். மீனைப் பிளந்து, உப்பிட்டு, கழுவி, வினிகரில் ஊறவைக்கிறார்கள். அன்றைய மீனின் அளவையும் கொழுப்பையும் பார்த்து, ஊறும் நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். 1820-களில் ஹனயா யோஹெய் என்பவர், இன்றைய டோக்கியோவான எடோ நகரில் கையால் பிடித்த சுஷியை விற்றுப் பெயர் பெற்றபோது, குளிர்பெட்டி இல்லாத நிலையில் மீனைக் கெடாமல் காத்த அதே உப்பும் வினிகரும், இன்று சுவைக்காகவே தொடர்கின்றன.

சோறும் அதற்கு ஈடாக இருந்தது. உடம்பின் சூட்டளவுக்கு இதமாக, கையில் எடுக்கும்வரை உதிராமல், வாயில் வைத்தவுடன் பருக்கை பருக்கையாகப் பிரிந்தது. கையால் உண்பது இங்கே முறைதான் என்பதால் அப்பா குச்சிகளை ஓரமாக வைத்துவிட்டார். சோயாவைத் தாய்ஷோவே மீன்மேல் மெல்லத் தடவித் தந்ததால் தொட்டுக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. அவர் வைக்க வைக்க, ஆறுவதற்குள் உண்டோம். நடுநடுவே இஞ்சியும் சூடான பச்சைத் தேநீரும். வேலை நாள்களில் அவசரமாக விழுங்கிப் பழகிய உன் அப்பா அவ்வளவு நிதானமாக ரசித்துச் சாப்பிட்டதைப் பார்த்ததே எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

மென்மையாக வேகவைத்து இனிப்புக் குழம்பு பூசிய கடல் விலாங்குக்குப் பின், நோரி என்னும் கடற்பாசித் தாள் சுற்றிய சுருளைத் தந்த கடைக்கார அம்மா, 1962-இல் மீனவர்கள் மீன்பிடி உரிமையைக் கைவிடும்வரை இந்தக் கசாய்க் கரையே நோரிக்குப் பெயர்போனது என்றார். அப்பா நடைப்பயிற்சிக்குப் போகும் கடற்கரைப் பூங்காவின் பக்கம்தான் அது! இத்தனை காலம் இங்கே வாழ்ந்தும் எங்களுக்கு இது புதுச் செய்தி. வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பா அதையே பேசிக்கொண்டு வந்தார்.

நீ டிசம்பரில் வரும்போது புரி மீனில் கொழுப்பு ஏறியிருக்கும். மூவராக வருவோம் என்று தாய்ஷோவிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அங்கே இருக்கைகள் குறைவு. பயணச்சீட்டு முடிவானதும் தேதியைத் தெரிவித்துவிடு.

அன்புடன்,
அம்மா