நம் எழுத்தில் ஒரு வரி

திபிலிசி, 1713

அன்பு மகனுக்கு,

இஸ்பஹானை அடுத்த ஜுல்பாவின் வியாபாரி கொண்டுவந்த உன் கடிதம் கிடைத்தது. கீழே பாரசீக முத்திரை மட்டும் இருந்தது. நம் ஜார்ஜிய எழுத்தில் பெயர் போட அவசரத்தில் விட்டிருப்பாய். அம்மாதான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன்னை ஓர் ஊருக்கு அதிகாரியாக அனுப்பப் பேச்சிருக்கிறது என்கிறாய். சந்தோஷம். நம் வீட்டில் யாருக்கும் இந்த வயதில் கிடைத்ததில்லை. ஷாவின் கில்லத்து, அந்த மரியாதை அங்கி, வந்தால் வீட்டில் உட்கார்ந்து வாங்காதே. ஊருக்கு வெளியே போய் எதிர்கொள், குதிரையிலிருந்து இறங்கு, வணங்கு, அந்த அங்கியை அங்கேயே போட்டுக்கொண்டு ஊருக்குள் வா. ஜனம் பார்க்க வேண்டும். கொண்டுவந்தவனுக்கு வெகுமதி கொடுப்பதில் கையைச் சுருக்காதே. திரும்பிப் போய் அவன் சொல்வதுதான் அரசவையில் உன் பெயர். நவ்ரோஸ் புத்தாண்டுக்கு ஷாவுக்கு அனுப்பும் பேஷ்கஷ் காணிக்கை தாமதமானால் பணமுடை என்று நினைக்கமாட்டார்கள், கலகம் என்பார்கள்.

காந்தஹார் பக்கம் மட்டும் போகாதே. நம் கியோர்கி மன்னரை 1709இல் அங்கேதான் கொன்றார்கள். பழிவாங்கப் போன அவர் தம்பி மகன் கைகொஸ்ரோவும் 1711இல் திரும்பவில்லை. கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்.

முன்பு நம்மை ஆண்ட ரொஸ்டோம் மன்னர் இஸ்பஹானில் வளர்ந்த முஸ்லிம். மரியம் ராணியை கிறிஸ்தவ, முஸ்லிம் இரு முறைப்படியும் மணந்தார். கோட்டையில் பாரசீகப் படை, நாணயத்தில் ஷாவின் பெயர். ஆனாலும் மிட்ஸ்கெத்தாவில் நம் கிறிஸ்தவக் கோயிலின் குவிமாடத்தை 1656இல் சீராக்கியது அவர் ஆட்சியில்தான். அப்படியும் வாழலாம் என்றுதான் நாங்களெல்லாம் நம்பினோம்.

இங்கே ஆட்சியைப் பார்த்துவந்த வக்தாங் மதம் மாறமாட்டேன் என்கிறார். சட்டம் தொகுத்தவர், இங்கே அச்சகம் வைத்து முதலில் நற்செய்தியை அச்சிட்டவர். ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே அரியணை. சொல்லாமல் பாரசீகத்திலேயே கிடக்கிறார்.

நான் அந்த வார்த்தையைச் சொன்னேன் மகனே. இரண்டு கிராமம் கைவிட்டுப் போகக்கூடாது என்று சொன்னேன். பேருக்குத்தான் என்று உன்னிடமும் சொன்னேன். அது போதாதென்று ஒன்பது வயதில் உன்னை ஷாவிடம் பிணையாக அனுப்பினேன். அன்று குதிரையில் உன்னை ஏற்றிவிட்டவன் நான். நீ அழவில்லை. அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

காந்தஹார் வேண்டாம்.

அந்த வியாபாரி வசந்தத்தில் திரும்ப வருவார். அவரிடம் கொடுத்தனுப்பு. கீழே உன் பெயரை நம் எழுத்தில் போடு. இப்போது எந்தப் பெயரோ, அதையே போடு.

உன் அப்பா