முதுகுப் பக்கத்து வெயில்

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கணேசா,

உன் கடிதமும் கூட வைத்திருந்த போட்டோவும் கிடைத்தன. மகன் வாங்கித் தந்த புது மிரர்லெஸ் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறாய். ரொம்ப சந்தோஷம்டா. ஆனால் அந்தப் போட்டோவைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. உன் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது, அப்படியென்றால் உச்சி வெயில். பெரிய லென்ஸின் பாரத்தில் கேமரா தலைகுப்புறத் தொங்குகிறது. நாம் கண் வைத்துப் பார்க்கிற ஓட்டை, அதாவது வியூஃபைண்டர், நேரே வானத்தைப் பார்த்து நிற்கிறது. அந்த வழியாக வெயில் உள்ளே புகுந்தால் ஆபத்துடா. அதற்காகத்தான் இந்த அவசரக் கடிதம்.

வீட்டுச் சேதியை முதலில் முடித்துவிடுகிறேன். சின்னவளுக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகிறது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறுவதை மட்டும் விட்டுவிட்டேன், பறவை பார்ப்பதை விடவில்லை.

போன ஜனவரியில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போனேன். வரித்தலை வாத்துகள் வந்திருந்தன. இமயமலையையே தாண்டி வருகிற ஜாதி அது, தண்ணீரில் ஒன்றும் நடக்காதது மாதிரி மிதந்துகொண்டிருந்தது. ட்ரைபாடில் 600 மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டு, காலை வெயில் முதுகில் விழுகிற மாதிரி நின்று ஒரு மணி நேரம் எடுத்தேன். எட்டு மணி வாக்கில் ஊருக்குள் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். மஞ்சள்மூக்கு நாரை வீட்டு வாசல் மரத்தில் கூடு கட்ட, அதற்காகத் தீபாவளிக்கு வெடியே போடாத ஊர். பேச்சுக் கொடுத்தால் கால் மணி நேரம் போவதே தெரியாது. கேமராவை ஆஃப் செய்து, முன்பக்கம் மூடியும் போட்டுவிட்டுத்தான் போனேன். ட்ரைபாடின் திருகை மட்டும் இறுக்கவில்லை. லென்ஸ் மெல்ல மூக்கைத் தொங்கப் போட்டிருக்கிறது, பின்பக்கம் அண்ணாந்திருக்கிறது.

திரும்பி வந்து கண்ணை வைத்தால், தண்ணீருக்கு நடுவில் ஊதா நிறத்தில் ஒரு கோடு. நெட்டுக்குத்தாக, லேசாகச் சாய்ந்து, படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். தூசி என்று நினைத்து வேட்டி நுனியால் துடைத்தேன். லென்ஸைக் கழற்றி மாட்டினேன். கோடு அங்கேயேதான் இருந்தது. எடுத்த படத்தைப் பின்பக்கத் திரையில் போட்டுப் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது! அப்புறம்தான் உறைத்தது. படத்தைப் பதிகிற சென்சாருக்கும் லென்ஸுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெந்து போனது வியூஃபைண்டருக்குள் இருக்கிற குட்டித் திரை.

எட்டாம் வகுப்பில் உன் தாத்தாவின் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பரீட்சைப் பேப்பரில் ஓட்டை போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைத் தாள் சீக்கிரம் பற்றவில்லை. மையால் எழுதிய இடம்தான் முதலில் புகைந்தது. உன் 12 மார்க்கு அப்படித்தான் கருகியது. அதே வித்தைதான் இங்கேயும். வியூஃபைண்டரில் நாம் பார்க்கிற கண்ணாடி ஒரு பூதக்கண்ணாடி, உள்ளே இருக்கிற சின்னத் திரையைப் பெரிதாகக் காட்டுவதற்காக வைத்தது. என்னுடையதில் அந்தத் திரை மூலைக்கு மூலை 0.39 அங்குலம், சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். அதில் 23.6 லட்சம் புள்ளிகள். கண்ணாடி எந்தத் தூரத்தில் வெயிலைக் குவிக்குமோ, ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் திரையை வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. ஆக, வெயில் பின்வழியாக நுழைந்தால் குவிகிற இடம் திரையேதான்.

கணக்கு வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? போட்டுப் பார்த்தேன். ஒரு சென்டிமீட்டர் அகலக் கண்ணாடியில் விழுகிற வெயில் 0.2 மில்லிமீட்டர் பொட்டாகச் சுருங்குகிறது. அகலத்தில் 50 மடங்கு என்றால் பரப்பில் 2,500 மடங்கு. கண்ணாடியில் கொஞ்சம் வீணாகும், போகட்டும். வானத்தில் சூரியன் தன் அகலத்தைத் தானே தாண்ட 2 நிமிஷம் எடுக்கும். நான் டீ குடித்த கால் மணி நேரத்தில் ஏழு சூரியன் நீளத்துக்குத் திரையில் சூடு இழுத்துவிட்டது. சூரியன் மேலே ஏற ஏற உள்ளே பொட்டு கீழே இறங்கும். அதனால்தான் கோடு நெட்டுக்குத்தாக விழுந்தது. ஆஃப் செய்து வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. உள்ளே இருக்கிற திரை ஓஎல்இடி, எல்சிடி எந்த வகையானாலும் இதே கதிதான்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல்லில் வளைய கிரகணம் எடுக்கப் போனோமே, லென்ஸுக்கு முன்னால் ஃபில்டரை எத்தனை பதற்றத்தோடு ஒட்டினோம்! அன்றைக்கு வியூஃபைண்டருக்கு ஒரு ஆபத்தும் இல்லை. கேமரா சூரியனைப் பார்த்தால் அதன் முதுகு நிழலில் இருக்கும். 'வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும்' என்று ஸ்டூடியோ அண்ணாச்சி நமக்குச் சொல்லித் தந்த பாலபாடம்தான் இங்கே ஆபத்து. கண் வைத்திருக்கும்வரை நம் தலையே குடை. தலையை எடுத்துவிட்டு நகர்ந்தால் போச்சு. பழைய பிலிம் கேமராவில் பின்வழியே வெயில் போனாலும் எரிவதற்கு அங்கே திரை கிடையாது. கேனன் கேமராவின் கழுத்து வாரில் ஒரு கறுப்பு ரப்பர் துண்டு கோத்திருப்பார்களே, அதைக் கண் ஓட்டையில் மாட்டியதுகூட ஸெல்ஃப் டைமரில் எடுக்கும்போது வெளிச்சம் புகுந்து, ஒளியை அளக்கிற மீட்டரை ஏமாற்றாமல் இருக்கத்தான். இப்போது அந்த ரப்பர் துண்டு அவசியம் வேண்டியிருக்கிறது, வாரில்தான் காணோம்.

சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். அந்தப் பையன் கோட்டைப் பார்த்ததுமே கையேட்டை விரித்து, எச்சரிக்கைப் பக்கத்தில் விரல் வைத்தான். வியூஃபைண்டர் வெயிலைப் பார்த்திருக்கும்படி வைக்காதே என்று தெளிவாக அச்சடித்திருக்கிறது. நம்மில் யார் அந்தப் பக்கத்தைப் படித்தோம்? வாரண்டியில் வராது, தேய்த்து எடுக்கவும் முடியாது, மொத்தத் திரையையும் மாற்ற வேண்டும். அவன் சொன்ன தொகையைக் கேட்டு, கோட்டோடேயே குடித்தனம் நடத்துவது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்பாய். நகர வேண்டியிருந்தால் தோள் துண்டை எடுத்துக் கேமரா முழுக்கப் போர்த்திவிடுகிறேன். பறவை பார்க்க வருகிற பையன்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அது போக, பெரியவள் கறுப்புத் துணியில் ஒரு குட்டி உறை தைத்துத் தந்திருக்கிறாள். அதில் ஒரு வம்பு உண்டு, கவனி. கண் ஓட்டைக்குப் பக்கத்தில், கண் வைத்திருக்கிறோமா என்று பார்க்கிற வேறொரு சென்சார் இருக்கிறது. உறை போட்டால் நீதான் கண் வைத்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு வியூஃபைண்டரை எரியவிடும், பேட்டரி மளமளவென்று இறங்கும். அதனால் ஆஃப் செய்துவிட்டு உறையைப் போடு. பெரிய ரப்பர் வளையம் ஒன்று தனியாக விற்கிறார்கள். சாய்ந்து வருகிற வெயிலைத் தடுக்கும், நேராக வருவதற்கு அது போதாது.

தோளில் தொங்கவிட்டால் பின்பக்கம் உன் வயிற்றைப் பார்த்து இருக்கட்டும். நீள லென்ஸ் என்றால் அது தானாகக் கவிழும், கையால் பிடித்துக்கொண்டே நட. மேஜையில் லென்ஸ் கீழாக நிமிர்த்தி வைக்கிற பழக்கம் உனக்கு உண்டு, வெளியிடத்தில் அதை விட்டுவிடு. கார் சீட்டில் வைக்காதே, பையில் போட்டு ஜிப்பை மூடு.

எனக்கு இப்போது எந்தப் பறவையைப் பார்த்தாலும் ஊதாக் கோடு ஒன்று கூடவே வருகிறது. நாரைக்கு நாமம் போட்ட மாதிரி இருக்கிறது என்று பேரன் சொல்கிறான். படத்தில் விழவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

பொங்கல் முடிந்ததும் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து சேர். கூந்தன்குளம் போகலாம். தாத்தாவின் பூதக்கண்ணாடி இன்னும் உன்னிடம் இருந்தால் எடுத்து வா, பேரனிடம் காட்ட வேண்டும். தாளை நான் தருகிறேன், 12 மார்க்கு நீ போட்டுக்கொள்.

அன்புடன்,
சுப்பு