ஓடிபி வரும் நேரம்

ஈரோடு

அன்புள்ள குமரேசா,

உன் மெயில் வந்து நாலைந்து நாள் ஆகிவிட்டது, தாமதத்துக்குக் காரணம் உனக்கே தெரியும், மாதக் கடைசி வாரம் வரைக்கும் நான் யாருக்கும் சொந்தமில்லை. காலிங் பெல், குக்கர் விசில், ஆபீஸ் மெசேஜ் என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள், ஒரு வேலையும் முழுசாக முடிவதில்லை என்று எழுதியிருந்தாய். கோபித்துக்கொள்ளாதே, படித்ததும் சிரிப்புதான் வந்தது. பெங்களூரில் தனி அறை, கதவு, தாழ்ப்பாள் எல்லாம் இருக்கிற நீயே இப்படிப் புலம்பினால், மணிக்கூண்டுப் பக்கம் மாடிப்படிக்குக் கீழே ஆபீஸ் போட்டு, ஊர்க்காரர்களின் ஜிஎஸ்டி கணக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நான் யாரிடம் போய்ச் சொல்வது?

14ஆம் தேதி டூ-பி வரும், அதாவது விற்றவர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றிய பில்களின் பட்டியல்; 20க்குள் 3பி என்கிற மாத ரிட்டர்னைப் போட்டாக வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் லேட் ஃபீ, கட்டவேண்டிய வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி வேறு. இடையில் இருக்கிற நாட்களில் ஒவ்வொரு பார்ட்டியின் பர்ச்சேஸ் பில்லையும் டூ-பியோடு ஒத்துப் பார்க்கணும். பார்ட்டி தன் டேலி கணக்கு சாஃப்ட்வேரில் பில் நம்பரை வெறும் 147 என்று போட்டிருப்பார், நூல் கொடுத்தவர் அதையே எஸ்.எஃப்/147 என்று ஏற்றியிருப்பார், தேதி ஒரு நாள் முன்னே பின்னே இருக்கும், தொகையில் சில்லறை வித்தியாசம். இந்த மூன்றையும் மனசில் வைத்துக்கொண்டு 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பரைச் சரிபார்க்கும்போது, "சார், எங்க ரீஃபண்ட் என்னாச்சு?" என்று ஒரு போன். பதில் சொல்வது அரை நிமிஷம். ஆனால் எந்தப் பில்லில் நின்றேன் என்பது போயே போச்சு.

குளோரியா மார்க் என்று கலிபோர்னியாவில் ஒரு பேராசிரியர், ஆபீஸ்களுக்கே போய் ஆட்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கணக்கெடுத்தவர். விட்ட வேலைக்குத் திரும்பி வர 20 நிமிஷத்துக்கு மேல் ஆகிறது, நடுவில் வேறு இரண்டு வேலையாவது புகுந்துவிடுகிறது என்கிறார். அதைவிட எனக்குச் சுருக்கென்று பட்டது இன்னொன்று: கிட்டத்தட்டப் பாதி இடைஞ்சல் நாமே நமக்குச் செய்துகொள்வதாம். உண்மைதானே, யாரும் கூப்பிடாமலே கை போனுக்குப் போகிறது, தங்கம் என்ன விலை, ஸ்கோர் என்ன என்று. வாங்கப்போவது ஒரு குண்டுமணி கூட இல்லை.

நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் அணைத்துவிடு என்று அறிவுரை சொல்கிறவர்களுக்கு கிளையன்ட் கிடையாது என்று நினைக்கிறேன். ரிட்டர்ன் போட எனக்கு ஓடிபி வேணுமே! அது ஓனர் போனுக்குத்தான் போகும், கொஞ்ச நேரத்தில் காலாவதி ஆகிவிடும். அந்தப் பக்கம் அவர் தறி ஓடுகிற சத்தத்தில் இருப்பார், மணி அடித்தாலும் கேட்காது, கேட்டு வெளியே வந்து ஆறு இலக்கத்தைப் படித்துச் சொல்லிவிட்டு உள்ளே போனால் அங்கே இழை அறுந்திருக்கும். அப்போ அவருக்கு இடைஞ்சல் யார்? நான்தான். அதனால் இப்போது ஓடிபி வேலை முழுக்க மத்தியானம் 3 மணிக்கு மேல்தான், காலையிலேயே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுகிறேன், போனைக் கையில் வைத்திருக்கிறார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, சொல்லப்போனால் அவர்களுக்கே நிம்மதி.

காலையில் 9லிருந்து 11 வரை டூ-பி மட்டும். இதற்கு விமானக்காரர்களைத்தான் பார்த்துக்கொண்டேன். அமெரிக்காவில் 1974இல் சார்லட் நகரத்தில் இறங்கவேண்டிய விமானம் ஒன்று விழுந்தது, இறங்குகிற நேரத்தில் பைலட்டுகள் அரசியல், பழைய கார் என்று கதை பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அப்புறம் 1981இல் சட்டமே வந்தது, 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு கூடாது. கவனி, பயணம் முழுக்க வாயைக் கட்டவில்லை, ஆபத்தான அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும்தான். உன் மேனேஜரிடம் நாள் முழுக்க மெசேஜ் அனுப்பாதே என்றால் நடக்குமா? ஒரு இரண்டு மணி நேரம் கேட்டுப்பார், கொடுப்பார்.

அதையும் மீறி யாராவது வந்து நின்றால், எழுந்திருக்கும் முன் ஒரு வரி எழுதிவிடு. கிழித்த தினசரி காலண்டர் தாள்தான் எனக்கு, பின்பக்கம் "147, தேதி வேறு, சப்ளையரிடம் கேட்கணும்" என்று கிறுக்கிவிட்டுத்தான் வந்தவரைப் பார்ப்பேன். சோஃபி லெராய் என்ற ஆராய்ச்சியாளர் இதையேதான் சோதித்துப் பார்த்திருக்கிறார்: திரும்பி வந்ததும் என்ன செய்யப்போகிறோம் என்பதை எழுதி வைத்துவிட்டால், வந்த வேலையிலும் மனசு ஒழுங்காக நிற்கிறதாம். வந்தவர் சொல்வது காதில் ஏறுகிறது, அதுவே பெரிய விஷயம்.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பரில் வரி விளம்பரம் வரை விடாமல் படித்து எனக்கு வாசித்துக் காட்டுகிறார், அதற்கு ஒரு சட்டமும் என்னிடம் இல்லை. 20 தாண்டியதும் ஒரு சனி ஞாயிறு அங்கே வரலாம் என்றிருக்கிறேன். உனக்கு எந்த வாரம் தோது என்று எழுது. போன் பண்ணுவதாக இருந்தால் 11 மணிக்கு மேல் பண்ணுடா.

அன்புடன்,
செல்வம்