பல்லுக்குள் வைக்கும் மருந்தைப் பற்றி, கும்பகோணத்திலிருந்து ஒரு மடல்

வணக்கம். ரூட் கெனாலுக்கு, அதாவது பல் வேரின் உள்ளே சுத்தம் செய்து அடைக்கிற சிகிச்சைக்கு, வருகிற பலர் இப்போது போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "ஜெல் வைத்தாலே கிருமி செத்துவிடுமாமே டாக்டர், எனக்கும் அதையே வையுங்களேன்" என்று கேட்கிறீர்கள். வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் இருப்பவரிடம் விளக்கமாகப் பேச முடிவதில்லை, அதனால்தான் எழுதுகிறோம்.

பல்லுக்குள் நரம்பு செத்துவிட்டால் அங்கே ரத்த ஓட்டமும் நின்றுவிடும். அப்புறம் நீங்கள் விழுங்கும் மாத்திரை அந்த இடத்துக்குப் போய்ச் சேராது. மெடிக்கலில் வாங்கி ஐந்து நாள் போட்டும் வலி திரும்பி வருவது இதனால்தான். ஆகவே வேருக்குள் ஃபைல் என்ற மெல்லிய ஊசி மாதிரிக் கருவியை விட்டுச் சுரண்டி, சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியை விட்டுக் கழுவுகிறோம். ஆனால் அரசலாற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால் என்று பிரிகிற மாதிரி, வேரின் உள்சுவரிலிருந்து முடியை விட மெல்லிய குழாய்கள் ஆயிரக்கணக்கில் கிளம்புகின்றன. கிருமி அதற்குள் புகுந்துவிட்டால் ஃபைல் எட்டாது.

அதற்காகத்தான் சீழ் பிடித்த பல்லில் கால்சியம் ஹைட்ராக்சைடு பசையை வைத்து, தற்காலிகமாக அடைத்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரச் சொல்கிறோம். நம் கொழுந்து வெற்றிலையில் தடவுகிற சுண்ணாம்பும் அதே பொருள்தான், அதற்காக வீட்டுச் சுண்ணாம்பைச் சொத்தையில் வைத்துவிடாதீர்கள், ஈறு வெந்துபோகும். பிஹெச் 12.5 வரை போகிற இந்தக் காரத்தையும் எண்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற கிருமி சில நேரம் தாங்கிக்கொள்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல், மினோசைக்ளின் என்ற மூன்று ஆன்டிபயாடிக்கையும் குழைத்த பசையும் உண்டு. ஆனால் மினோசைக்ளின் பல்லைக் கறுக்க வைக்கும், அளவு கூடினால் வேர் வளர்ந்து முடியாத பிள்ளைகளின் பல்லில் வளர வேண்டிய செல்களையே கெடுக்கும்.

ஜெல் யோசனை இங்கிருந்துதான் வருகிறது. ரோஸ் மில்க்கில் போடுகிற சப்ஜா விதையைப் பாருங்கள், ஊறியதும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வழவழவென்று ஒரு உறை கட்டுகிறதல்லவா, ஹைட்ரோஜெல் என்பது அந்த மாதிரிதான். ஜெலட்டின், கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது) போன்றவற்றில் செய்து, தண்ணீரைப் பிடித்து வைக்கும் அதன் நுண்ணிய வலைக்குள் கொஞ்சமே கொஞ்சம் ஆன்டிபயாடிக்கை வைத்தால், ஒரேயடியாகக் கொட்டாமல் நாள் கணக்கில் கசியும். குறைந்த மருந்து, நீண்ட வேலை. நல்ல யோசனை என்றே நாங்களும் நினைக்கிறோம். ஆனால் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலும் விலங்குச் சோதனையிலும்தான் இருக்கிறது, அதை உங்கள் பல்லில் இன்றைக்கு வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இருக்கிற மருந்தே நன்றாக வேலை செய்யும், நீங்கள் மறுபடி வந்தால். போன வருஷம் திருவிடைமருதூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வலி நின்றதும் சம்பா நடவுக்குப் போய்விட்டு இரண்டு மாதம் கழித்துக் கன்னம் வீங்கி வந்தார். அடைப்பு கழன்று உள்ளே சோற்றுப் பருக்கை. பல்லை எடுக்க வேண்டியதாகிவிட்டது. நடவோ அறுப்போ இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள், தேதியைத் தள்ளி வைக்கிறோம். அடைப்பு கழன்றால் மட்டும் அன்றைக்கே வாருங்கள், டோக்கன் தேவையில்லை.