1865-க்கு அப்புறம் நடந்ததையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய உங்கள் கட்டுரை 1865-இல் அடிமை முறை ஒழிந்ததோடு நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம் என்பேன். 1868-இல் முன்னாள் அடிமைகளுக்குக் குடியுரிமை, 1870-இல் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை, அதே ஆண்டு மிசிசிப்பியிலிருந்து ஹிராம் ரெவெல்ஸ் என்ற கறுப்பினத்தவர் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கே போனார். சில ஆண்டுகளுக்கு முன்புவரை மனிதர்களை ஏலம் விட்ட மாநிலம் அது என்பதை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது. ஆனால் இந்த உரிமைகளுக்குக் காவலாகத் தென் மாநிலங்களில் நின்ற மத்தியப் படைகளை 1877-இல் அரசு விலக்கிக்கொண்டது. பிறகு அங்கிருந்த வெள்ளையர்கள் ஓட்டுப் போட வரி, எழுத்தறிவுத் தேர்வு, போதாததற்குக் கும்பல் கொலைகள் என்று அந்த உரிமையை வெறும் ஏட்டுச் சுரைக்காயாக்கிவிட்டார்கள். 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை தலைமுறை தலைமுறையாக இதே நிலைதான். இதைத் தனிக் கட்டுரையாகவே வெளியிடுங்கள், பள்ளிப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

- ஒரு வாசகர், திண்டுக்கல்