அப்பாவின் அந்தியேட்டி முடிந்த கையோடு ஒரு நன்றி மடல்

வன்னியில், விசுவமடுவில், எங்கள் அப்பா இறந்த பின் செய்யும் கிரியைகளான அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் நல்லபடியாக நடந்து முடிந்தன. பந்தல் போட்டவர்கள், கதிரையும் பாத்திரமும் தந்து உதவிய வாசிகசாலைப் பிள்ளைகள், இரவிரவாக முழித்திருந்து தேநீர் ஊற்றிய அயலவர்கள், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் எங்களோடு சேர்ந்து அழுதவர்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வழக்கமான நன்றி நவிலல் இவ்வளவோடு முடிந்துவிடும். எனக்கு இன்னும் சிலருக்குச் சொல்ல இருக்கிறது. தம்பியிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

தம்பி கொழும்பில் இன்னோர் ஆணோடு குடும்பமாக வாழ்கிறான். இது ஊருக்குத் தெரியும். அப்பாவின் உடல் வீட்டுக்கு வந்த அன்றே கதை தொடங்கிவிட்டது. அவன் கொள்ளி வைத்தால் அந்த ஆத்மா கரையேறாது என்றார் ஒருவர். கடவுளே வெறுக்கிற வாழ்க்கை என்றார் இன்னொருவர். மகன் முறையான பெறாமகன் ஒருவரைக் கொண்டு கொள்ளி வைப்பிக்கலாம் என்றுகூட முற்றத்தில் பேச்சு எழுந்தது. அம்மா உள்ளே அப்பாவின் தலைமாட்டில் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அபரக்கிரியை செய்த சைவக்குருக்கள் ஐயாவுக்கு முதல் நன்றி. அவரிடமே போய்த் தீர்ப்புக் கேட்டார்கள். “கிரியைக்கு மகன் வேணும், மகன் நிக்கிறான். அவன்ர சீவியத்தைப் பற்றிக் கடவுள் என்ன நினைக்கிறார் எண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தர்ப்பையை எடுத்துத் தாங்கோ” என்றார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் முற்றம் அடங்கிவிட்டது.

சுண்ணம் இடிக்கும்போது உரலில் மஞ்சளும் அறுகம்புல்லும் போட்டு, தம்பி ஓர் உலக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மற்ற உலக்கை சுவரில் சாத்தியபடியே இருந்தது. திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடத் தொடங்கியும் ஒருவரும் அதைத் தொடவில்லை. அப்போது பின்வளவு மாமா சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து உலக்கையை எடுத்தார். அவர் எடுத்த பிறகு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மாமா, நீங்கள் அதை ஒரு பெரிய விசயமாக நினைத்திருக்க மாட்டீர்கள். எங்களுக்கு அது என்ன என்று எழுத எனக்கு வார்த்தை வரவில்லை.

தேவாரம் பாடிய ஐயாவுக்கு நன்றி. படையல் வைக்கும் எட்டுச்செலவு அன்று, ஒருவரும் கேளாமலே அவர் அப்பர் சுவாமிகளின் தாண்டகம் ஒன்றை எடுத்தார். “அவன் அருளே கண்ணாகக் காணின் அல்லால், இப்படியன் இந்நிறத்தன் இவ்வண்ணத்தன் இவன் இறைவன் என்று எழுதிக் காட்டொணாதே.” சமணத்துக்குப் போய், சூலை நோயோடு திரும்பி வந்து, பிறகு ஆயுள் முழுக்கச் சிவனையே பாடித் திரிந்தவர் அப்பர். 7ஆம் நூற்றாண்டில் அப்படிப்பட்டவரே இறைவனை இன்னமாதிரியானவன் என்று எழுதிக் காட்ட முடியாது என்கிறார். நாங்கள் செத்தவீட்டு முற்றத்தில் பாக்கு வெட்டிக்கொண்டே இறைவன் மனதை வாசித்துச் சொல்கிறோம். அதே பாட்டு என்னையும் கட்டுகிறது. கடவுள் தம்பியின் பக்கம்தான் நிற்கிறார் என்று நானும் அடித்துச் சொல்ல முடியாது. தம்பி நல்லவன், அப்பாவின் கடைசி மாதங்களில் மருந்துக்கும் வாகனத்துக்கும் அவன்தான் உழைத்தான். அதை மட்டும்தான் என்னால் சாட்சியாகச் சொல்ல முடியும்.

எங்கள் ஒழுங்கைக்கு வந்து போகும் கத்தோலிக்க சிஸ்டருக்கு நன்றி. அயலில் கிறிஸ்தவ சபைக்குப் போகும் அக்கா ஒருவர், ஆணோடு ஆண் சேர்வதைத் தடுக்கும் விவிலியத்தின் லேவியராகம வசனங்களையும், கடவுள் அழித்த சோதோம் நகரின் கதையையும் சொல்லி அம்மாவைக் கலங்க வைத்திருந்தார். சிஸ்டர் அந்த வசனங்களை மறைக்கவில்லை. லேவியராகமத்தில் அப்படி இருக்கிறது, எங்கள் திருச்சபையின் போதனையும் மாறவில்லை என்று நேராகவே சொன்னார். பிறகு எசேக்கியேலின் 16ஆம் அதிகாரத்தை எடுத்து, சோதோமின் அக்கிரமம் என்று அங்கே சொல்லியிருப்பது கர்வமும், வயிறு நிறைந்த சுகவாழ்வும், ஏழையின் கையைப் பலப்படுத்தாததும் என்று காட்டினார். 2013இல் பாப்பரசர் பிரான்சிஸே, கடவுளைத் தேடுகிற ஒருவரைத் தீர்ப்பிட நான் யார் என்று கேட்டதையும் சொன்னார். ஆனால் அம்மாவுக்கு ஆறுதலாக இருந்தது யோபுவின் கதைதான். யோபு பிள்ளைகளைப் பறிகொடுத்துக் கிடந்தபோது மூன்று நண்பர்கள் வந்து ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் இருந்தார்கள். அதுவரைக்கும் சரி. பிறகு வாயைத் திறந்து, இது உன் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார்கள். கடைசியில் கடவுள் கோபித்தது யோபுவை அல்ல, தன்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று அந்த நண்பர்களைத்தான்.

வன்னியில் இருக்கிற எங்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமில், எங்கள் பாவத்துக்குத்தான் செல் குண்டு விழுந்தது என்று ஒருவர் வந்து சொன்னார். பெரியண்ணாவின் மூன்று வயதுப் பிள்ளையை மாத்தளனில் பறிகொடுத்துவிட்டு வந்தவர் அப்பா. “அது என்ன பாவம் செய்தது? கடவுள் உன்னட்டச் சொன்னவரோ?” என்று கேட்டுவிட்டுக் கூடாரத்துக்குள் போய்விட்டார். அதே அப்பா, தம்பியின் விசயம் தெரிந்த பிறகும், முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கிக் கும்பிடும்போதெல்லாம் அவனுக்கும் ஒரு பொட்டலம் விபூதி மடித்து எடுத்து வருவார். அவர் அதற்கு மேல் ஒன்றும் கதைத்ததில்லை. அவரைத்தான் மகன் கொள்ளி வைத்தால் கரையேற மாட்டார் என்றார்கள்.

பொலிசுக்குச் சொல்வோம் என்று வெருட்டியவர்களும் உண்டு. ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டக்கோவையின் 365ஏ பிரிவை எங்களுக்குப் பொறுமையாக விளங்கப்படுத்திய சட்டத்தரணித் தங்கச்சிக்கு நன்றி. அந்தக் கோவை 1883இல் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. 1995இல் திருத்தியபோது பெண்களையும் உள்ளுக்குள் கொண்டுவந்தார்கள். அந்த உறவைக் குற்றமல்லாமல் ஆக்கும் சட்டமூலம் ஒன்று அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆண்டவன் கட்டளை என்று எங்களுக்குச் சொல்லப்பட்டதில் பாதி, விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டம் என்று அன்றைக்குத்தான் அம்மாவுக்கு விளங்கியது.

கடைசியாகச் சித்தப்பாவுக்கு. நீங்கள் தம்பியின் வாழ்க்கையை ஏற்றுக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஏற்கவில்லை. ஆனால் சுடலைக்குப் போகும் வழியில், “எனக்குப் பிடிக்கேல்லை. அது என்ர மனம். கடவுளுக்குப் பிடிக்கேல்லை எண்டு இனிச் சொல்ல மாட்டன்” என்று அவனிடமே சொன்னீர்கள். அவன் அதை என்னிடம் சொல்லும்போது அழுதான். உங்கள் மனதோடு நாங்கள் வாதாடலாம், கோபிக்கலாம், ஒருநாள் சமாதானமும் ஆகலாம். கடவுளின் பெயரில் வருகிற தீர்ப்போடு அப்படி ஒன்றும் செய்ய முடியாது.

ஆண்டு முடிவில் வரும் ஆட்டைத் திவசத்துக்குத் தம்பியும் அவனோடு இருப்பவரும் வருவார்கள். இந்த மடலில் வந்த எல்லோரையும் எதிர்பார்க்கிறோம். முற்றத்தில் மாறிக் கதைத்தவர்களும் வாருங்கள், உங்களுக்கும் இலை போடுவோம்.

அம்மா, தம்பி ஆகியோர் சார்பில்,
அக்கா
விசுவமடு