மொட்டைமாடி ஒழுகலுக்குப் புரட்டாசியே கெடு

ஆசிரியருக்கு,

நெல்லைச் சீமைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மொட்டைமாடியில் பதித்த தட்டோட்டு இடுக்கைப் புரட்டாசி வெயிலிலேயே அடைத்துவிட வேண்டும். பலர் விரிசல்மேல் சிமெண்ட் பாலை (நீரில் கரைத்த சிமெண்டை) ஊற்றுவதோடு சரி. பாசிமேல் ஊற்றிய பால் ஒரே மழையில் பெயர்ந்து வரும். (கொத்தனாரும் அதையேதான் செய்கிறார்!) விரிசலை ‘வி’ வடிவில் கொத்தி, கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவி, ஈரம் காயுமுன் 1:3 சிமெண்ட்–மணல் கலவையை அழுத்திப் பூசுங்கள். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 200 மில்லி நீர்த்தடுப்புத் திரவம் போதும். ஏழு நாள் ஈரச்சாக்கு போடாவிட்டால் பூச்சிலேயே முடிபோல் மெல்லிய விரிசல் விழும். கைப்பிடிச்சுவர் அடிமூலையையும் விடாதீர்கள். பெரும்பாலும் ஒழுகுவது அங்கேதான். மழைநீர்க் குழாய்வாயில் வேப்பஞ்சருகு அடையாமல் வலை போடுங்கள்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை